தரைக்கு அடியில் போட்ட பணம்



கேமரன் மலைக்குப் போய் வந்தவர்கள், "அப்பப்பா, என்ன குளிர்!" என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். அங்கே இரவுக் குளிர் ஏறக்குறைய 15 டிகிரிதான். கனடாவின் வின்னிப்பெக் நகரிலோ ஜனவரி இரவுகளில் சைபருக்கும் கீழே 30 டிகிரி வரை இறங்குவதுண்டு. அந்த ஊரில்தான் என் மகன் சொந்தமாகக் கார்ப் பட்டறை கட்டினான். தோட்டத்து ரப்பர் ஆலையில் பிட்டராக இருந்து ஓய்வு பெற்ற நான், மார்ச் மாதம் போய் ஆறு மாதம் அவனுக்குத் துணையாக இருந்தேன். அங்கே கண்டதை உங்களிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

கார்ப் பட்டறையில் பாதி வேலை தரையில்தான். முழங்காலிட வேண்டும், மல்லாந்து படுக்க வேண்டும். அவன் வாடகைக்கு எடுத்திருந்த பட்டறையில் சூடான காற்றை ஊதும் இயந்திரம் இருந்தது. பெரிய கதவைத் திறந்தால் அந்தச் சூடு வெளியே ஓடிவிடும். மிச்சமும் கூரைக்கு ஏறிக்கொள்ளும். சிமெண்டுத் தரை மட்டும் ஐஸ் போலவே கிடக்கும். 34 வயதிலேயே அவனுக்குக் காலையில் விரல்களை மடக்க முடியவில்லை. பெற்ற மனம் எப்படித் தாங்கும்?

ஆகவே, புதிய பட்டறையில் தரையையே சூடாக்குவது என்று முடிவு செய்தோம். சிமெண்டுக்குள் பிளாஸ்டிக் குழாய்களை வளைத்து வளைத்துப் பதிப்பார்கள். பாய்லரில் 40 டிகிரி அளவுக்குச் சூடேறிய தண்ணீரை ஒரு சிறு பம்ப் அதற்குள் சுற்றிவரச் செய்யும். கொரியா நாட்டில் அடுப்புப் புகையைத் தரைக்கடியில் செலுத்தி வீட்டைச் சூடாக்கும் 'ஓண்டோல்' என்னும் முறை பல நூற்றாண்டுகளாக இருந்து வந்தது. இதுவும் அந்த வழிதான்.

பட்டறை 40 அடி நீளம், 30 அடி அகலம். ஓர் அடிக்கு ஒரு வரிசை என்றால் 1,200 அடிக்கு மேல் குழாய் வேண்டும். அரை அங்குலக் குழாயில் ஒரு சுற்று 300 அடியைத் தாண்டினால் கடைசியில் வரும் தண்ணீர் ஆறிப்போகும். அதனால் ஐந்து சுற்றுகளாகப் பிரித்தோம். காரைத் தூக்கும் லிப்டின் போல்ட்டுகள் இறங்கும் இடங்களில் குழாயே வராமல் விலக்கினோம். தண்ணீர் உறைந்தால் பருத்துக் குழாயைப் பிளந்துவிடும் என்பதால், உறையாமல் காக்கும் திரவத்தையும் கலக்கத் திட்டமிட்டோம்.

பணம் போதவில்லை. அங்கேதான் சிக்கல் வந்தது. தரைக்கு அடியிலும் ஓரங்களிலும் இரண்டு அங்குல நுரைப்பலகை போட வேண்டும். "சூடு மேலேதானே போகும், அடியில் எதற்கு?" என்றார் சிமெண்டு வேலைக்காரர். மகனும் தலையாட்டினான்.

நான் விடவில்லை. புகைக்கூடத்தில் தீ கீழே, ரப்பர் ஷீட்டு மேலே. சூடான காற்றும் புகையும் மேலே ஏறும், உண்மைதான். ஆனால் சிமெண்டுக்குள் இருக்கும் சூட்டுக்கு மேலும் இல்லை, கீழும் இல்லை. எந்தப் பக்கம் குளிர்ச்சியோ அந்தப் பக்கம் ஓடும். பலகை இல்லாவிட்டால் மகன் காசு கொடுத்து மண்ணையல்லவா சூடாக்குவான்!

"தம்பி, பாய்லரை நாளைக்கும் மாற்றலாம். தரைக்கு அடியில் நாளைக்குக் கை வைக்க முடியுமா?" என்று கேட்டேன். அன்று இரவே உட்கார்ந்து சுவர், கூரை, கதவு என்று ஒவ்வொன்றின் வழியாகவும் எவ்வளவு சூடு போகும் என்று கணக்குப் போட்டோம். பலகை போட்டால் சிறிய பாய்லரே போதும் என்று தெரிந்தது. மிஞ்சிய பணம் பலகைக்குப் போயிற்று.

குழாய்களில் காற்றை அடைத்து, அழுத்தம் இறங்குகிறதா என்று பார்த்த பிறகே சிமெண்டு கொட்டினோம். அதற்குமுன் அளவு நாடாவை வைத்துப் படமும் எடுத்துக்கொண்டோம். இப்போது கதவைத் திறந்து மூடினாலும் சற்று நேரத்தில் பட்டறை பழையபடி சூடாகிவிடுகிறதாம். "கை மடங்குதுப்பா" என்று மகன் தொலைபேசியில் சொன்னான்.

தோட்டத்தை விட்டு வந்து சொந்த வீடு கட்டும் குடும்பங்கள் நம்மில் எத்தனையோ! நமக்குச் சூடு வேண்டாம். ஆனால் தரைக்குள் போகும் குழாயும் சுவருக்குள் போகும் மின்கம்பியும் நமக்கும் உண்டு. பிறகு மாற்ற முடியாததற்கு முதலில் பணம் ஒதுக்குங்கள். மினுக்கும் ஓடும் வண்ணமும் காத்திருக்கும். மூடிய தரை காத்திருக்காது.