வேகம் கொடுக்கும் துணிச்சல்



நீங்கள் அனுப்பும் பழைய வகுப்புக் குழுப் படங்களை ஸ்கேன் செய்து சீராக்குவதுதான் இப்போது என் பொழுதுபோக்கு. "கம்ப்யூட்டர் பழசானால் என்ன சார், நேரம்தானே கூட ஆகும்?" என்று கேட்கிறார்கள். நேரம் மட்டும் போவதில்லை. 'இன்னொரு தடவை செய்து பார்ப்போமே' என்கிற ஆசையும் போய்விடுகிறது.

ஸ்லைடரை நகர்த்தியதுமே முகத்தில் நிழல் மாறினால், கூடுதலா குறைவா என்று கண் சொல்லிவிடும். பத்து விநாடி கழித்து மாறினால், முன்பு எப்படி இருந்தது என்பதே மறந்துபோகும். 'இது போதும்' என்று சேமித்துவிடுவோம்.

24 மெகாபிக்சல் வண்ணப் படம் ஒன்று, 16 பிட்டில் திறந்தால், நினைவகத்தில் சுமார் 144 எம்.பி. பிடிக்கும். ஒவ்வொரு நகல் லேயரும் ஏறக்குறைய அவ்வளவு கூட்டும். ரேம் நிரம்பினால் மென்பொருள் வட்டைத் தேடிப் போகும். பழைய ஹார்டு டிஸ்க் அங்கேதான் திணறும்.

புதிது வாங்கும் முன் ரேமைக் கூட்டி, எஸ்.எஸ்.டி. போட்டுப் பாருங்கள். முடியாவிட்டால், சிறிய நகலில் நிறத்தை முடிவு செய்துகொண்டு பெரிய படத்தில் கை வையுங்கள்.

எங்கே நிறுத்துவது என்பதை மட்டும் எந்த வேகமும் சொல்லித் தராது. உங்கள் நெற்றியில் வழிந்த எண்ணெயையும் கலைந்த தலையையும் நான் அழிக்கவில்லை. அது நீங்கள்தானே!