புளியங்கரடு ஸ்டேஷன்

எங்க வீட்டில் ஒரு ரயில்வே ஸ்டேஷன் இருக்கு. பேரு புளியங்கரடு. மேப்பில் தேடாதீங்க, கிடைக்காது. அஞ்சடி நீளம், ஒண்ணரை அடி அகலம் உள்ள பிளைவுட் பலகைதான் மொத்த ஊரும். ஒரு பிளாட்பாரம், ஓடு போட்ட ஸ்டேஷன், தண்ணித் தொட்டி, பின்னாடி அட்டையில் செஞ்ச மலை. அதோட லைன் முடிஞ்சிடும்.

பி.காம் படிக்கிற பையனுக்கு இது எதுக்குன்னு அப்பா கேட்டார். காரணம் தாத்தா. அவர் மதுரை - போடி லைனில் பாயிண்ட்ஸ்மேனா இருந்தவர். 1928-ல் திறந்த, சுமார் 90 கிலோமீட்டர் மீட்டர் கேஜ் கிளை லைன் அது. 2010 கடைசியில் அகலப்பாதையா மாத்த மூடினப்போ எனக்கு ஆறு வயசு.

அப்போ போடி ஸ்டேஷனையே செய்ய வேண்டியதுதானேன்னு கேப்பீங்க. நிஜ ஊர்னா எல்லாம் அப்படியே இருக்கணும், அஞ்சடிக்குள்ள அடங்காது. கற்பனை ஊர்னா யாரும் குறை சொல்ல முடியாது. அப்படித்தான் நினைச்சேன்.

தாத்தாவுக்கு இப்போ கண் சரியாத் தெரியாது. தண்டவாளத்தை விரலால் தடவிப் பார்த்தார். கடைசி வரைக்கும் தடவிட்டு, "வண்டி வந்து நின்னுருச்சு. இஞ்சின் எப்பிடிடா திரும்பிப் போகும்?"ன்னார்.

அட ஆமா! முன்னாடி டெட் எண்ட், பின்னாடி பெட்டிகள். நடுவுல இஞ்சின் மாட்டிக்கிச்சு. பக்கத்துலயே ஒரு லூப் லைன் வேணும். இஞ்சினைக் கழட்டி முன்னாடி கொண்டு போய், பாயிண்ட் மாத்தி, லூப் வழியாப் பெட்டிகளைத் தாண்டி வந்து மறுமுனையில் மாட்டணும். தாத்தா காலமெல்லாம் பார்த்த வேலையே அதுதான். அதைத்தான் நான் விட்டிருந்தேன். ஒரு வார வேலையைப் பிடுங்கிப் போட்டு, ரெண்டு பாயிண்ட் வாங்கினேன். செமஸ்டர் புக் வாங்க வச்சிருந்த காசு.

அடுத்த குற்றச்சாட்டு: "இது நம்ம லைன் இல்லையே, அகலமா இருக்கே." ஹெச்.ஓ. அளவுன்னா 87-ல் ஒரு பங்கு. தண்டவாள இடைவெளி 16.5 மி.மீ. பெருக்கினா 1435 வரும். மீட்டர் கேஜ் 1000, நம்ம பிராட் கேஜ் 1676. ரெண்டும் இல்லை. சென்னை மெட்ரோ ஓடுற கேஜ்! சரியான 12 மி.மீ. தண்டவாளம் என் பாக்கெட் மணிக்கு எட்டாது. விஷயத்தைச் சொன்னதும் தாத்தா சிரிச்சார். "நம்மூருக்கு மெட்ரோ வந்துருச்சுன்னு நெனைச்சுக்கறேன்."

மலைக்குப் பின்னாடி மூணு தண்டவாளம் ஒளிஞ்சிருக்கு. இதை ஃபிடில் யார்டும்பாங்க. வண்டி மலைக்குள்ள போனா மதுரைக்குப் போயிடுச்சுன்னு அர்த்தம். எங்க பாஷையில் சொன்னா சஸ்பென்ஸ் அக்கவுண்ட். எங்கே போகும்னு தெரியாததை எல்லாம் அங்கே தள்ளிடலாம்.

அடுத்த மாசம் அக்கா பிரசவத்துக்கு வர்றா. ரூமைக் காலி பண்ணணும். பலகையை ரெண்டா அறுத்தால்தான் பரணில் ஏறும். தாத்தாகிட்ட எப்படிச் சொல்றதுன்னு மூணு நாள் தவிச்சேன். நேத்து ராத்திரி சொல்லிட்டேன்.

அவர் கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம், "யுத்த காலத்துல எங்க லைனையே பிடுங்கிட்டுப் போனாங்கடா. 50-கள்ல திரும்பப் போட்டாங்க. மறுபடி மூடினாங்க, 2023-ல போடிக்கு வண்டி வந்துருச்சு. பிடுங்குறதும் போடுறதும் நமக்குப் புதுசா?"ன்னார்.

படுக்கப் போகும்போது திரும்பி ஒண்ணு சொன்னார்.

"அறுக்குற எடத்துல பாயிண்ட் வராமப் பாத்துக்க."