செங்கல்பட்டில் ஆஜர்

ஊரில் நிலம் வைத்திருக்கிற சிங்கப்பூர்த் தமிழர் யாரிடமாவது பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். தேநீர் ஆறுவதற்குள் வழக்கு வந்துவிடும். பட்டா யார் பேரில் இருக்கிறது, பவர் யாரிடம் இருக்கிறது, அடுத்த வாய்தா எப்போது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தேக்காவில் கூடி நிற்பவர்களில் பாதிப் பேர் வேலையைப் பற்றிப் பேசினால், மீதிப் பேர் சர்வே எண்களைப் பற்றிப் பேசுகிறார்கள் என்பது என் கணிப்பு.

எங்கள் வழக்கு செங்கல்பட்டில். மாமல்லபுரத்துக்கும் திருக்கழுக்குன்றத்துக்கும் நடுவே ஒரு சவுக்குத் தோப்பு, ஒரு கிணறு, கொஞ்சம் மேட்டுநிலம். கிழக்குக் கடற்கரைச் சாலை போடும்வரை அந்தப் பக்கத்து மணலை யாரும் சீந்தியதில்லை. பிறகு ரிசார்ட் வந்தது, மனைப்பிரிவு வந்தது, 2022-இல் பூஞ்சேரிக்குச் சதுரங்க ஒலிம்பியாடே வந்தது. எங்கள் குடும்பத்தில் அதற்கு வெகு காலம் முன்பே காய் நகர்த்தத் தொடங்கியிருந்தார்கள். அப்பா இறந்த பிறகு, அவர் தன் பங்கை விட்டுக்கொடுத்து எழுதித் தந்த விடுதலைப் பத்திரம் என்று ஒன்றைச் சித்தப்பா காட்டினார். அப்படி ஒரு பத்திரத்தை அம்மா கேள்விப்பட்டதே இல்லை. அம்மாவும் நானுமாகப் பாகப்பிரிவினை வழக்குப் போட்டோம்.

போட்டது நான் சிங்கப்பூர் வந்த பிறகுதான். ஆகையால் நடத்தியது அம்மா. மாமல்லபுரத்தில் பஸ் ஏறி, திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டில் இறங்கி, கோர்ட் வராந்தாவில் டவாலி பெயர் கூப்பிடுகிறவரை நின்று, வக்கீல் குமாஸ்தா சொல்லும் தேதியைப் புடவை முந்தியில் முடிந்துகொண்டு திரும்புவார். ராத்திரி எனக்குப் போன் வரும். என்ன நடந்தது என்றால் “வாய்தா” என்பார். ஏன் என்றால், “அதெல்லாம் அவங்க சொல்ல மாட்டாங்க” என்பார். அம்மாவுக்கு முட்டி வலி வந்து போக முடியாமல் ஆனதும் வாய்தாச் செய்தியும் குமாஸ்தா வாயிலாகவே வந்தது. வாட்ஸ்அப்பில் ஒற்றை வரி, அதன் பின்னால் ஒரு செலவுக் கணக்கு. வெளிநாட்டில் இருப்பவர் வழக்கு என்றால் அந்தக் கணக்கு கொஞ்சம் தாராளமாகவே இருக்கும். அது ஊர் அறிந்த விஷயம்.

இந்த நிலையில்தான் பதினாறு இலக்க எண் ஒன்று கைக்கு வந்தது. சி.என்.ஆர். எண் என்பார்கள். தமிழ்நாட்டு வழக்கென்றால் டி.என். என்ற எழுத்துகளில் தொடங்கும். இ-கோர்ட்ஸ் செயலியில் அதைத் தட்டினால் வழக்கின் ஜாதகம் முழுவதும் விரியும்: தாக்கலான நாள், ஒவ்வொரு வாய்தா, அன்றைக்கு என்ன நடந்தது என்பதற்கு ஓரிரு வரி, அடுத்த தேதி, அது எதற்கு என்பது. ‘ஃபார் கவுண்டர்’, ‘ஸ்டெப்ஸ்’, ‘டைம் எக்ஸ்டெண்டட்’ என்று தந்தி பாஷையில் இருக்கும். புக்கிட் பாத்தோக் வீட்டுச் சமையலறையில் நின்றபடி அதைக் கீழே தள்ளித் தள்ளிப் படித்தேன். எதிர்த்தரப்பு இழுத்தடிக்கிறது என்று இத்தனை காலம் நம்பியிருந்த வாய்தாக்களில் கணிசமானவை எங்கள் பக்கமே நேரம் கேட்டு வாங்கியவை.

நீதிமன்றத்தில் மின்னணுத் தொழில்நுட்பம் என்றால் வேகம், காகிதமற்ற அலுவலகம் என்று பேசுகிறார்கள். எனக்குத் தெரிந்த பெரிய மாற்றம் இதுதான்: சேதி சொல்கிறவர் கையிலிருந்த அதிகாரம் போயிற்று. வழக்கு ஒரு நாள்கூட முன்னால் முடியவில்லை. ஆனால் அடுத்த முறை குமாஸ்தாவுக்குப் போன் செய்து, “ஜூலையில நாமதானே சார் டைம் கேட்டிருக்கோம், எதுக்கு?” என்று கேட்டபோது அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு வந்த ரசீதுகள் இளைத்துப்போயிருந்தன.

உச்ச நீதிமன்றத்தின் இ-குழு அமைந்தது 2004 கடைசியில். இ-கோர்ட்ஸ் திட்டம் தொடங்கியது 2007-இல். 2023 செப்டம்பரில் மூன்றாம் கட்டத்துக்கு மத்திய அமைச்சரவை ஒதுக்கியது 7,210 கோடி ரூபாய். அதில் ஒரு பெரும்பங்கு பழைய கட்டுகளை ஸ்கேன் செய்து காப்பதற்கு. இ-ஃபைலிங் கட்டாயம் என்றபோது தமிழ்நாட்டில் பல ஊர் வழக்கறிஞர்கள் எதிர்த்தார்கள். தாலுகா ஊரில் ஸ்கேனரும் நெட்டும் இல்லாமல் எப்படி, காகிதத்திலும் கொடுத்துக் கணினியிலும் ஏற்று என்றால் இரட்டை வேலையாயிற்றே என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அந்த வாதங்களில் கட்சிக்காரர் என்கிற ஆள் வருவதே இல்லை என்பதையும் கவனித்தேன்.

இங்கே கதை வேறு. வீட்டைப் புதுப்பிக்க முன்பணம் வாங்கிக்கொண்டு வேலையைப் பாதியில் விட்ட ஒருவர்மேல் சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றத்துக்குப் போனேன். போனேன் என்பதே மிகை. சிங்பாஸ் வைத்து உள்ளே நுழைந்து, ரசீதுகளை ஏற்றி, கட்டணம் கட்டினேன். 2017 ஜூலையில் வந்த இணைய அமைப்பு அது. 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கை, இருவரும் சம்மதித்தால் 30,000 வரை. வக்கீல் வைத்துக்கொள்ள அனுமதி இல்லை. விசாரணைக்கு முன் இரு தரப்பும் கணினியிலேயே பேரம் பேசலாம், ஐந்து சுற்று வரை. நான் ஒரு தொகை போட, அவர் ஒரு தொகை போட, நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலேயே விஷயம் முடிந்தது.

இதைச் சொன்னால் நண்பர்கள் பெருமூச்சு விடுவார்கள்: நம் ஊரிலும் இப்படி வந்துவிட்டால்! எனக்கு அதில் ஐயம் உண்டு. அந்த வழக்கில் வென்றது மென்பொருள் இல்லை. சின்னத் தொகை, கையில் ரசீது, எதிராளிக்கு நிலையான முகவரி, வாரிசு இல்லை, கிணறு இல்லை. எங்கள் நிலத்தை அந்தத் திரையில் ஏற்றியிருந்தால் ஐந்து சுற்று என்ன, ஐம்பது சுற்றிலும் சித்தப்பா ஒரே எண்ணைத்தான் போட்டிருப்பார்: பூஜ்யம்.

அம்மா போன பிறகு சாட்சி சொல்ல நான் ஒருத்திதான் மிச்சம். பவர் கொடுத்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்று இங்கே பலர் நினைக்கிறார்கள். பவர் எழுதலாம், 2021 செப்டம்பர் முதல் சிங்கப்பூரிலேயே அப்போஸ்டில் சான்றும் வாங்கலாம், பத்திரம் இந்தியா போய்ச் சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். பவர் வாங்கியவர் வழக்கை நடத்தலாம், மனுவில் கையெழுத்துப் போடலாம். ஆனால் எனக்கு மட்டுமே தெரிந்ததை எனக்குப் பதிலாக அவர் கூண்டேறிச் சொல்ல முடியாது. உச்ச நீதிமன்றம் 2004-இல், ஜான்கி வாஷ்தேவ் போஜ்வானி வழக்கில் இதை முடிவாகச் சொல்லிவிட்டது. அப்பா எங்கே எப்படிக் கையெழுத்துப் போடுவார் என்பதை, பவர் வாங்கிய என் வீட்டுக்காரரின் தம்பி எப்படிச் சொல்வார்?

வழி இருந்தது. நியூயார்க் மருத்துவர் ஒருவரின் சாட்சியம் தேவைப்பட்ட மகாராஷ்டிர வழக்கு ஒன்றில், 2003-லேயே காணொலிச் சாட்சியத்தை உச்ச நீதிமன்றம் ஏற்றது. திரையில் தெரிவதும் முன்னிலைதான் என்றது. கொரோனாவுக்குப் பிறகு உயர் நீதிமன்றங்கள் விதிகளையும் வகுத்தன. சாட்சி வெளிநாட்டில் இருந்தால் இந்தியத் தூதரக அதிகாரி ஒருவர் அந்த முனையில் உடனிருக்க வேண்டும். மனுப் போட்டோம், எதிர்த்தார்கள், நீதிபதி அனுமதித்தார். முதல் விசாரணைக்குப் பிரமாணப் பத்திரம் போதும். குறுக்கு விசாரணைக்கு கிரேஞ்ச் சாலைத் தூதரகத்துக்கு வரச் சொன்னார்கள். செங்கல்பட்டில் காலை பத்தரை என்றால் இங்கே மதியம் ஒரு மணி.

அறையில் நானும் அதிகாரியும் மட்டும். கேமராவைச் சுற்றிக் காட்டச் சொன்னார்கள். யாரும் ஒளிந்திருந்து எடுத்துக்கொடுக்கவில்லை என்று உறுதி செய்ய. உறுதிமொழி எடுத்தேன். எதிர்த்தரப்பு வக்கீல் நல்லவிதமாகத்தான் பேசினார். “அம்மா, அந்தக் கிணத்துல உங்க சித்தப்பாதானே மோட்டார் போட்டாரு?” ஆமாம் என்றேன். நீதிபதி தட்டச்சருக்குச் சொன்னார்: கிணற்றில் முதல் பிரதிவாதிதான் மோட்டார் பொருத்தினார் என்று சொன்னால் சரிதான். நான் பேசிய ஒரு சொல், நான் பேசவே பேசாத நடையில் என் வாக்குமூலமாக ஏறியது. சரிதான், சரியல்ல, எனக்குத் தெரியாது. இந்த மூன்றுக்குள் அப்பாவின் வாழ்க்கை முழுவதும் அடங்கிவிட்டது. நேரில் நின்றிருந்தாலும் இப்படித்தான் இருந்திருக்கும், அதற்குத் திரையைக் குறைசொல்ல முடியாது.

திரை தடுமாறியது அடுத்த கேள்வியில். விடுதலைப் பத்திரத்தை ஆவணம் காட்டும் கருவிக்கு அடியில் வைத்தார்கள். “இது உங்க அப்பா கையெழுத்துதானே?” அப்பா பேனாவை அழுத்திப் பிடிப்பவர். பத்திரத்தின் பின்பக்கம் விரலால் தடவினாலே எழுத்து தெரியும். திரையில் தெரிந்தது ஒரு நீலச் சுழி. பெரிதாக்கினால் கட்டம் கட்டமாக உடைந்தது. இதைப் பார்த்துச் சொல்ல முடியாது, அசலைக் கையில் வாங்கிப் பார்க்க வேண்டும் என்றேன். வக்கீல் விடவில்லை: “அப்போ உங்க அப்பா கையெழுத்து உங்களுக்குத் தெரியாதுன்னு எடுத்துக்கலாமா?” நீதிபதி குறுக்கிட்டு, நான் சொன்னதை அப்படியே பதியச் சொன்னார்.

எவ்வளவு நல்ல கேமரா வைத்தாலும் காகிதத்தின் பின்பக்கம் அதில் வராது. ஆகவே, எல்லாச் சாட்சியத்தையும் காணொலிக்கு மாற்றிவிடலாம் என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. மனு வாதங்களுக்கும் வாய்தா கேட்பதற்கும் தாராளமாகத் திரை போதும். ஆளையோ அசலையோ எடைபோடும் இடத்தில் கவனம் வேண்டும். 2020 மே மாதம், ஊரடங்கின்போது, இதே சிங்கப்பூரில் மலேசியத் தமிழர் ஒருவருக்கு ஜூம் வழியாக மரண தண்டனை அறிவித்தார்கள். உலகம் முழுக்கக் கண்டனம் வந்தது, பெரும்பாலும் ஜூமைப் பற்றி. 2022 அக்டோபரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவரை விடுதலை செய்தபோது சொன்ன காரணத்தில் ஜூம் இல்லை. அரசுத் தரப்பு சொன்ன ஒரு சந்திப்பு நடந்ததாக ஐயமற நிரூபிக்கப்படவில்லை என்பதுதான். சாட்சியத்தை எடைபோட்ட இடத்தில் நேர்ந்ததைத் தீர்ப்பு வாசித்த கருவிமேல் ஏற்றிப் பேசிக்கொண்டிருந்தோம்.

செங்கல்பட்டுக்கும் இப்படி ஒன்று உண்டு. ஏழு வயதுக் குழந்தை கொல்லப்பட்ட வழக்கில் 2018 பிப்ரவரியில் செங்கல்பட்டு மகளிர் நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அந்த மனிதரை விடுவித்தது. சுட்டிக்காட்டிய குறைகளில் ஒன்று, கோயில் கண்காணிப்புக் கேமராவின் பதிவை விசாரணை அதிகாரி கைப்பற்றவே இல்லை என்பது. கேமரா இருந்தது. அதில் தெரிந்ததாகச் சாட்சி சொல்ல ஆளும் இருந்தார். பதிவுதான் கோர்ட்டுக்கு வந்து சேரவில்லை.

வந்து சேர்ந்தாலும் அதற்கொரு சான்றிதழ் வேண்டும். முன்பு 65-பி என்றார்கள், 2024 ஜூலை முதல் புதிய சாட்சியச் சட்டத்தில் பிரிவு 63. கருவி யார் வசம் இருந்தது, கோப்பின் ஹாஷ் மதிப்பு என்ன என்றெல்லாம் எழுதி, தரப்பும் நிபுணரும் கையெழுத்திட வேண்டும். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு பொங்கலன்று சித்தப்பா, “அண்ணன் பங்கு அண்ணன் பிள்ளைக்குத்தான்” என்று எழுதியதை நான் பத்திரமாக வைத்திருந்தேன். வக்கீல் பார்த்துவிட்டுச் சிரித்தார். “இதை மார்க் பண்றதுக்குள்ள இன்னொரு பொங்கல் வந்துரும்மா, விடுங்க.” விட்டோம்.

ஒருவழியாக முதல்நிலைத் தீர்ப்பாணை வந்தது. பாதிப் பங்கு எங்களுக்கு. பத்திரம் பதிவு செய்யப்படாதது, ஆகவே அதனால் எந்த உரிமையும் மாறவில்லை என்று முடித்துவிட்டார் நீதிபதி. கையெழுத்து அப்பாவுடையதா என்ற கேள்விக்குத் தீர்ப்பில் பதிலே இல்லை. நகல் அன்றைக்குச் சாயங்காலம் செயலியில் ஏறியது. நான் பார்த்த அதே நேரத்தில் சித்தப்பா மகனும் பார்த்திருக்கிறான். அவன் துபாயில் இருக்கிறான். அத்தனை வருஷம் என்னோடு பேசாதவன், “அக்கா, பாத்தீங்களா?” என்று எழுதினான். அவன் பக்கமும் அதே எண்ணைத்தான் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்களாம். அவர்கள் வாங்கிய வாய்தாக்களில் எது நிஜம், எது குமாஸ்தா கணக்கு என்று இருவருமாக ஒப்பிட்டுப் பார்த்தோம். தீர்ப்பு வந்த பின் இரண்டு தரப்பும் சேர்ந்து செய்த முதல் காரியம் அதுதான்.

இப்போது இறுதித் தீர்ப்பாணை மனு நடக்கிறது. வழக்கறிஞர் ஆணையர் நேரில் போய், சர்வேயரை வைத்து அளந்து, எது யார் பங்கு என்று பிரித்துக் காட்ட வேண்டும். தேதி செயலியில் ஏறுமுன் சித்தப்பா மகனிடமிருந்தே சேதி வந்தது. அவன் லீவு போட்டு வருகிறானாம். வேண்டுமானால் வீடியோ காலில் காட்டுகிறேன், நீங்கள் அலைய வேண்டாம் என்றான். டிக்கெட் போட்டுவிட்டேன் என்றேன்.

“நல்லதா போச்சு. சாப்பாடு நம்ம வீட்டுலதான். ஆனா உங்க பக்கத்துக்கு ஒரு ஆளைக் கூட்டிட்டு வாங்கக்கா. சங்கிலி பிடிக்கிறப்ப ரெண்டு தரப்பும் நிக்கணும்னு எங்க வக்கீல் சொல்லியிருக்காரு.”