முன்னோட்டத்தில் வந்த மிருகம்

2024 நவம்பர் 15, வெள்ளி

'கங்குவா' நேற்று வந்தது. ஒரே நாளில் இவ்வளவு கோபம் கிளம்பியிருக்கிறது என்றால், படம் நன்றாக இல்லை என்பது மட்டும் காரணமாக இருக்க முடியாது. நன்றாக இல்லாத படங்கள் மாதாமாதம் வருகின்றன. யாரும் இப்படிக் கொதிப்பதில்லை. இந்தக் கோபத்தின் வேர் ஆகஸ்டில் வெளிவந்த முன்னோட்டத்தில் இருக்கிறது. தீவு, குலப்பகை, ரத்தம், முதலையோடு மல்லுக்கட்டும் சூர்யா என்று அது பெரும்பாலும் பழங்கால உலகம் ஒன்றையே காட்டியது. தயாரிப்பாளர் ஞானவேல் ராஜா 2,000 கோடி ரூபாய் வசூலைப் பற்றிப் பேசினார். திரையில் கதை தொடங்குவதோ இன்றைய கோவாவில், காசுக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் ஒருவனின் வேடிக்கைகளோடு. முதலை வந்தது, அந்த வாக்கு பொய்யாகவில்லை. ஆனால் வருவதாகச் சொன்ன உலகம், மக்கள் இருக்கையில் அமர்ந்தபோது அங்கே இல்லை. இரண்டு நாளில் எல்லாரும் வேறு பேச்சுக்குப் போய்விடுவார்கள். அதற்குள் இதை எழுதி வைக்க வேண்டும்.

நவம்பர் 17

சூர்யாவின் மனைவி ஜோதிகா படத்துக்காகப் பரிந்து எழுதியிருக்கிறார். முதல் அரைமணி நேரம் சரியாக அமையவில்லை, சத்தம் காதைத் துளைக்கிறது என்று அவரே ஒப்புக்கொள்கிறார்.

நவம்பர் 18

மிருகப் படங்களைப் பற்றி யோசித்தால்தான் இது தெளிவாகிறது. அவற்றின் விளம்பரத்தில் வாக்கு வெளிப்படையானது: இந்த மிருகம் வரும், இன்னது செய்யும். 1975-இல் வந்த 'ஜாஸ்' படத்தில் சுறாவை முழுதாகப் பார்க்க ஒரு மணி நேரத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும். இயந்திரச் சுறா அடிக்கடி பழுதானதால் ஸ்பீல்பெர்க் அதை மறைத்தே எடுக்க வேண்டியதாயிற்று. ஆனாலும் யாரும் ஏமாந்ததாகச் சொல்லவில்லை. போஸ்டரில் நீந்தும் பெண்ணும் அவளுக்குக் கீழே எழும் வாயும் இருந்தன. படத்தின் தொடக்கமே நீந்தப் போன பெண்ணைக் கடல் இழுத்துக்கொள்வதுதான். மறு வருடம் வந்த 'கிங் காங்' வேறு கதை. போஸ்டரில் காங் நியூயார்க்கின் இரட்டைக் கோபுரங்களில் கோபுரத்துக்கொரு காலாக ஊன்றி, கையில் விமானத்தை நசுக்கியபடி நிற்கும். படத்தில் அது ஒரு கோபுரத்திலிருந்து மற்றதற்குத் தாவுகிறது. சுற்றி வருபவை ஹெலிகாப்டர்கள். 40 அடி இயந்திரக் காங் என்று பறைசாற்றினார்கள். அது திரையில் தோன்றுவது சில நொடிகள். மற்ற நேரமெல்லாம் குரங்கு உடைக்குள் ரிக் பேக்கர் என்ற மனிதர். 2014-இன் 'காட்ஸில்லா' இன்னும் நுட்பமானது. முன்னோட்டம் முழுக்க பிரையன் கிரான்ஸ்டனின் கதறல். அவர் பாத்திரம் முதல் பாதி முடியும் முன்பே செத்துப்போகிறது. காட்ஸில்லாவைக் குறைவாகக் காட்டியதை நான் குறை சொல்லமாட்டேன். யாருடைய கதை என்பதை மாற்றிச் சொன்னதுதான் குற்றம்.

விளம்பரம் என்றாலே கூட்டித்தான் சொல்வார்கள், பார்ப்பவனுக்குத் தெரியாதா என்பார்கள். தெரியும். இங்கே மலேசியாவில் பாசிர் பெனாம்பாங் மீன்காரர் "இப்பத்தான் கரைக்கு வந்துச்சு" என்றால் அதில் எவ்வளவு கழித்துக்கொள்ள வேண்டும் என்று வாங்குபவருக்குத் தெரியும். தெங்கிரி மீன் என்று சொல்லி வேறு மீனான கெம்போங்கைப் பொட்டலம் கட்டினால் எதைக் கழிப்பது?

நவம்பர் 19

'மான்ஸ்டர்' என்று 2019-இல் ஒரு தமிழ்ப் படம் வந்தது. எஸ்.ஜே. சூர்யாவின் வீட்டுக்குள் ஓர் எலி. அந்தத் தலைப்பை நம்பி யாரும் கெட்டதாகத் தெரியவில்லை. பெயர் வேறு, வாக்கு வேறு: இங்கே 'தென்னமரம்' என்று பெயர் கொண்ட தோட்டத்தில் 1917 முதல் செம்பனைதானே விளைகிறது.

நவம்பர் 21

நடப்புத் தயாரிப்பாளர்கள் சங்கம் நேற்று அறிக்கை விட்டிருக்கிறது: திரையரங்க வளாகத்தில் ரசிகர்களிடம் கருத்துக் கேட்கும் யூடியூபர்களை உரிமையாளர்கள் அனுமதிக்கக் கூடாதாம். இதில் நியாயமே இல்லை என்று தள்ள மனம் வரவில்லை. சிலர் படத்தை விட்டுவிட்டு நடிகரின் குடும்பத்தை ஏசுகிறார்கள், அது அருவருப்பு. ஆனால் முதல் நாள் காட்சிக்கு வருகிறவர் யார் என்பதை அறிக்கை மறந்துவிட்டது. விளம்பரத்தை மிகவும் நம்பியவர் அவர்தான். விமர்சனம் படிக்கக்கூடக் காத்திருக்காதவர். இந்த வட்டாரச் செம்பனைத் தோட்டங்களில் குலை வெட்டுகிறவரை எடுத்துக்கொள்வோம். 2024-இல் குறைந்தபட்சச் சம்பளம் 1,500 வெள்ளி. மாதம் 26 நாள் என்றால் ஒரு நாளுக்கு 57 வெள்ளி சொச்சம். குடும்பத்தில் நால்வர் பெஸ்தாரி ஜெயாவிலிருந்து கிள்ளான் வரை போய்ப் படம் பார்த்து வர ஒரு நாள் கூலி போதாது. சந்தேகப்பட்டுக் காத்திருந்தவருக்கு நட்டமில்லை. அன்போடு முந்திக்கொண்டவர்தான் இழக்கிறார். வாசலில் அவர் வாய் திறப்பதையும் தடுத்தால், கொடுத்த காசுக்கு அவரிடம் மிஞ்சுவது என்ன?

நவம்பர் 29

இங்குள்ள கம்போங் குவாந்தான் மின்மினிகளின் விளம்பரப் படங்களும் இதே கதைதான். வெகுநேரம் திறந்திருந்த கேமரா, நிமிடக்கணக்கான ஒளியை ஒரே படமாகச் சேர்த்துவிடுகிறது. பூச்சிகள் மொய்க்கும் பெரெம்பாங் மரம் தீப்பற்றியது போலிருக்கும். அதைப் பார்த்துப் படகேறுகிறவருக்கு ஆற்றோரத்தில் தெரிவது சின்னச் சின்னத் துடிப்பு. இவ்வளவுதானா என்று திரும்புகிறார்கள். ஆயிரக்கணக்கான பூச்சிகள் இருட்டில் ஒரே தாளத்தில் விட்டுவிட்டு ஒளிர்வது எத்தனை அபூர்வம்! அதைப் பார்க்கும் கண்ணை அந்தப் புகைப்படம் முன்கூட்டியே கெடுத்துவிட்டது. பூச்சியின் மேல் தவறில்லை. 'கங்குவா'வின் பழங்காலப் பகுதிக்குக் கலை இயக்கத்திலும் ஒளிப்பதிவிலும் உழைத்தவர்களின் மேலும் தவறில்லை.

டிசம்பர் 4

வெளியான முதல் மூன்று நாட்களுக்கு விமர்சனத்தைத் தடுக்கக் கேட்டு அந்தத் தயாரிப்பாளர்கள் சங்கம் தொடுத்த வழக்கில், சென்னை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை தர மறுத்துவிட்டது. நிம்மதி.

ஆனால் ஒரு கேள்விக்கு இன்னும் பதில் இல்லை. மின்மினியை உள்ளபடி, கறுப்புத் தாளில் நாலு புள்ளியாக அச்சடித்திருந்தால், அந்தப் படகில் யாராவது ஏறியிருப்பார்களா?