ஒரே பாதையில் நான்கு ஊர்கள்



பிழைப்பைத் தேடி ஊரைவிட்டுப் புறப்பட்ட நம்மில் அநேகருக்குத் தூரதேசத்தில் ஒரு நண்பர் உண்டு. ஒரு காலத்தில் ஒரே அறையில் பாய் விரித்துப் படுத்தவர். ஒரே மின்சார ரயிலில் தொங்கிக்கொண்டு வேலைக்குச் சென்றவர். இன்று அவர் மஸ்கட்டிலோ, மெல்போர்னிலோ, வேறு எங்கேயோ இருக்கிறார். பிரிந்த புதிதில் வாரந்தோறும் பேசினீர்கள். நாளடைவில் பண்டிகைக்கு ஒரு வாழ்த்து, மரணத்திற்கு ஒரு செய்தி என்று அது சுருங்கிப்போயிற்று. அன்பு குறைந்துவிட்டதினால் அல்ல, பேசுவதற்கு ஒன்றும் அகப்படாததினாலேயே அப்படி ஆயிற்று. சம்பளத்தைக் கேட்டால் ஒப்பிடுவதுபோல் ஆகும். பிள்ளைகளின் மதிப்பெண்ணைக் கேட்டால் போட்டியாகத் தோன்றும். வீடு கட்டிவிட்டாயா என்றால் மனத்தாங்கல்.

ஆனால் ஒருவரையும் சிறுமைப்படுத்தாத செய்தி ஒன்று உண்டு. அங்கே மழையா வெயிலா? மரத்தில் என்ன பறவை வந்திருக்கிறது? இன்று வீட்டில் என்ன குழம்பு? இவை அற்பமான கேள்விகள் என்று நினைக்கிறோம். இவை எவ்வளவு தூரம் செல்லும் என்பதையே இங்கே உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

மும்பையில் ஒரே அறையில் தங்கியிருந்த நால்வரில் நானும் ஒருவன். மூத்தவர் மாலத்தீவின் தலைநகராகிய மாலேயில் கணக்கு எழுதுகிறார். இரண்டாமவர் நாகாலாந்தின் திமாப்பூரில் பள்ளி ஆசிரியர். இளையவர் தென்னாப்பிரிக்காவின் பீட்டர்மாரிட்ஸ்பர்க் நகரத்தில் இயந்திரம் பழுதுபார்க்கிறார். நான் மும்பையிலேயே தங்கிவிட்டேன். எங்கள் நான்கு ஊர்களும் ஒரே பாதையின்மேல் இருக்கின்றன என்பது எங்களுக்கு வெகுகாலம் தெரியாது. அது மனிதர் போட்ட பாதையல்ல, காற்றின் பாதை.

கடிகாரம் ஒன்று, பொழுது வேறு

திமாப்பூரும் மும்பையும் ஒரே கடிகாரத்தில் ஓடுகின்றன. ஆனால் நவம்பர் மாதத்தில் மாலை நாலரை மணிக்கே அங்கே சூரியன் அஸ்தமித்துவிடும். மும்பையிலோ ஆறு மணி வரை வெளிச்சம் இருக்கும். "அண்ணே, விளக்கு போட்டாச்சு" என்று அவர் எழுதும்போது நான் அலுவலகத்தில் மின்விசிறியின் கீழ் வியர்த்துக்கொண்டிருப்பேன். மாலே நம்மைவிட அரைமணி நேரம் பின்னால் இருக்கிறது. தென்னாப்பிரிக்கா மூன்றரை மணி நேரம் பின்னால். பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் கிறிஸ்துமஸ் கோடையில் வருகிறது. பிற்பகலில் இடி இடித்து மழை கொட்டும். விடியற்காலையில் ஹடீடா என்னும் அரிவாள்மூக்கன் பறவைகள் கூரைக்கு மேலே கத்திக்கொண்டு பறந்து ஊரையே எழுப்பிவிடும் என்று இளையவர் எழுதுவார். ரொட்டியைக் குடைந்து அதற்குள் குழம்பை ஊற்றித் தரும் 'பன்னி சௌ' அவருக்கு மத்தியான ஆகாரம். 1860ஆம் ஆண்டில் சென்னையிலிருந்து 'ட்ரூரோ' என்னும் கப்பலில் கரும்புத் தோட்டங்களுக்குச் சென்ற நம்மவரின் சந்ததியார் வாழும் நாடு அது. தமிழ் பேச அறியாத ஒருவர் அவருக்குக் கறிவேப்பிலைச் செடி கொடுத்தாராம்.

தண்ணீரில்லாத் தீவில் தட்டான்

தட்டான் தாழப் பறந்தால் மழை வரும் என்று நம் பெரியோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். மும்பையில் மழை ஓய்கிற நாள்களில், மைதானங்களுக்கு மேலே பொன்னிறத் தட்டான்கள் கூட்டங்கூட்டமாய்ப் பறப்பதை நீங்களும் கண்டிருப்பீர்கள். மலையாளத்தில் இதற்குத் துலாத்தும்பி என்று பெயர். துலாம் மாதம் என்பது நம்முடைய ஐப்பசி.

அதே தட்டான்கள் அக்டோபரில் மாலேயில் வந்து இறங்குகின்றன. இதில் ஓர் ஆச்சரியம் இருக்கிறது. தட்டான் நன்னீரில்தான் முட்டையிடும். மாலத்தீவிலோ ஆறு இல்லை, குளமும் மிக அரிது. அப்படியானால் இத்தனை ஆயிரம் தட்டான்கள் எங்கிருந்து வந்தன? அந்நாட்டிலே வாழ்ந்துவந்த சார்லஸ் ஆண்டர்சன் என்னும் உயிரியலாளர் ஆண்டுதோறும் அவற்றின் வருகையைக் குறித்துவைத்தார். அவை இந்தியாவிலிருந்து புறப்பட்டுக் கடலைக் கடந்து கிழக்கு ஆப்பிரிக்காவுக்குச் செல்கின்றன என்று 2009ஆம் ஆண்டில் எழுதினார். அந்நாள்களில் மாலேயில் கடல்மட்டத்துக் காற்று மேற்கிலிருந்து வீசினாலும், ஆயிரம் மீட்டருக்கு மேலே காற்று வடகிழக்கிலிருந்து வீசுகிறது. தட்டான் அந்த மேல்காற்றில் ஏறிக்கொள்கிறது. அதன் சிறகில் பொதிந்த ஐசோடோப்புகளை ஆராய்ந்தவர்கள், மாலத்தீவில் இறங்குபவை வட இந்தியாவிலோ அதற்கும் அப்பாலோ பிறந்தவை என்று 2012ல் கண்டறிந்தார்கள்.

போய்வரும் தூரம் 14,000 முதல் 18,000 கிலோமீட்டர் இருக்கலாம் என்பது ஆண்டர்சனின் கணக்கு. எந்தத் தட்டானும் முழுப் பயணத்தையும் முடிப்பதில்லை. போகும் வழியில் மழைநீர்க் குட்டைகளில் முட்டையிட்டு மடிகிறது; பிள்ளை பயணத்தைத் தொடர்கிறது; ஏறக்குறைய நான்கு தலைமுறையில் சுற்று நிறைவேறுகிறது. ஊரைவிட்டு வந்த நமக்கு இது புரியாத காரியமல்ல.

2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் மாலத்தீவு தன் எல்லைகளை மூடியது. சுற்றுலா நின்றது, மூத்தவருக்குச் சம்பளமும் நின்றது. அவர் எங்கள் அழைப்பை எடுக்கவில்லை. "நல்லா இருக்கேன்" என்று மாதம் ஒருமுறை எழுதுவார், அவ்வளவே. பணம் வேண்டுமா என்று கேட்டால் நொந்துபோவார் என்று நாங்கள் தயங்கினோம். அக்டோபரில் ஒரு நாள், "அண்ணே, இங்கே தட்டான் கூடியிருக்கு. அங்கே வந்துட்டா?" என்று எழுதினேன். அன்று இரவே பதில் வந்தது: "வந்துட்டு தம்பி. மொட்டை மாடியிலே நிற்கிறேன். தலைக்கு மேலே நூறு இருக்கும்." மறுநாள் அவரே அழைத்தார். முதலில் தட்டானைக் குறித்துப் பேசினார். பிறகு ஆறு மாத வாடகைப் பாக்கியைக் குறித்தும் பேசினார். அந்த வாரத்தில் மூவருமாகச் சேர்ந்து செய்யவேண்டியதைச் செய்தோம்.

நேரடியாகத் தட்டினால் திறவாத கதவு, வானிலையைக் கேட்டால் திறக்கிறது என்பதை அன்று அறிந்துகொண்டேன்.

டோயாங் ஏரிக்கரையில்

அதே காற்றின் பாதையில் ஒரு பறவையும் வருகிறது. அமூர் வல்லூறு என்பது அதன் பெயர். எடை ஏறக்குறைய 150 கிராம், மாடப்புறாவைவிட மெலிந்தது. சைபீரியாவின் தென்கிழக்கிலும், மங்கோலியாவிலும், வடகிழக்குச் சீனாவிலும் குஞ்சு பொரிக்கிறது. அக்டோபரில் நாகாலாந்தின் வோக்கா மாவட்டத்திலுள்ள டோயாங் நீர்த்தேக்கத்தருகே இலட்சக்கணக்கில் கூடுகிறது. அங்கே ஈசல்களைத் தின்று கொழுத்தபின், இந்தியாவைக் குறுக்கே கடந்து, அரபிக் கடலின் மேல் நாள்கணக்கில் இறங்காமல் பறந்து சோமாலியா போய்ச் சேர்ந்து, அங்கிருந்து தென்னாப்பிரிக்காவுக்குச் செல்கிறது. கடலின்மேல் அது தட்டான்களைத் தின்று பசியாறக்கூடும் என்றும் ஆண்டர்சன் கருதினார். மும்பைக்கருகே லோனாவாலா மலைமேட்டிலும் சில பறவைகள் தங்கிச் செல்வதுண்டு.

2012ஆம் ஆண்டில் டோயாங் கரையில் நடந்ததை உலகம் பார்த்துத் திடுக்கிட்டது. மீன்வலைகளை மரங்களுக்கிடையே உயரக் கட்டி வல்லூறுகளைப் பிடித்தார்கள். இறைச்சிக்காக ஒரு நாளில் 12,000 முதல் 14,000 வரை கொல்லப்பட்டன என்று அங்கு சென்ற இயற்கை ஆர்வலர்கள் கணக்கிட்டார்கள். அவ்வூரார் கொடியவர்கள் அல்லர். அணை கட்டியபோது வயல்களைத் தண்ணீருக்குக் கொடுத்தவர்கள். அவர்களுக்கு வானத்திலிருந்து வந்த வரும்படி அது. இந்தப் பறவை எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று அவர்களுக்குச் சொல்வார் இல்லை.

பின்பு சொல்லப்பட்டது. கிராம சபைகளும், மாணவர்களும், திருச்சபைப் போதகர்களும் சேர்ந்து அச்செய்தியை வீடுதோறும் கொண்டுசென்றார்கள். வலைக்காரர்களும் செவிகொடுத்தார்கள். 2013ல் அங்கே ஒரு வல்லூறும் வலையில் பிடிபடவில்லை என்று அறிவிக்கப்பட்டது. அந்த ஆண்டு நவம்பரில் மூன்று வல்லூறுகளின் முதுகில் 5 கிராம் எடையுள்ள கருவியைப் பொருத்தி, செயற்கைக்கோள் வழியாக அவற்றின் வழியைக் கவனித்தார்கள். நாகா, வோக்கா, பாங்டி என்று அவற்றுக்குப் பெயர். பாங்டி என்பது முன்பு வலை கட்டிய கிராமங்களில் ஒன்றின் பெயரே. அந்தப் பெயரைச் சுமந்த பறவை ஆப்பிரிக்காவரை சென்று, 2014ல் மறுபடியும் டோயாங்குக்கு வந்தது.

திமாப்பூர் நண்பர் இதை எழுதியபோது ஒரு வரி சேர்த்திருந்தார்: "இங்கே அறுத்தால் அங்கே வானம் காலியாகும் என்று ஒருவரும் இவர்களுக்கு முன்னே சொல்லவில்லை, அண்ணே."

ஆலங்கட்டி விழுந்த இரவு

பாதையின் மறுமுனையில் குவாசுலு-நட்டால் மாகாணம் இருக்கிறது. அங்கே மூயி ரிவர் போன்ற சிற்றூர்களில், உயர்ந்த மரங்களில் மாலைதோறும் ஆயிரக்கணக்கான அமூர் வல்லூறுகள் வந்தடையும். 2019 மார்ச்சில், அவை வடக்கே திரும்பப் புறப்படவேண்டிய வேளையில், மூயி ரிவரிலும் நியூகாசிலிலும் ஆலங்கட்டி மழை பெய்தது. பல நூறு பறவைகள் அடிபட்டு மாண்டன. காயப்பட்டுக் கிடந்தவற்றை ஊர்மக்கள் பொறுக்கியெடுத்து, காட்டுயிர் மீட்பகத்தாரிடம் சேர்த்தார்கள். பிழைத்தவை மறுபடியும் வானத்தில் விடப்பட்டன. இளையவர் இச்செய்தியை அனுப்பியபோது, திமாப்பூர் நண்பர் தம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அதை வாசித்துக் காட்டினார். தங்கள் ஊர்க்காரர் விட்டுவைத்த பறவையை எங்கோ ஒருவர் அட்டைப்பெட்டியில் வைத்துக் காத்தார் என்று கேட்டு, பிள்ளைகள் அந்த ஊர் எங்கே என்று வரைபடத்தில் தேடினார்களாம்.

உங்களுக்கு ஒரு வார்த்தை

வாசகரே, நாம் குடியிருக்கும் நகரத்தை வாடகைக்கு எடுத்த இடமாகவே எண்ணி, அதன் மரத்தையும் மழையையும் பாராமல் பல ஆண்டுகளைக் கழித்துவிடுகிறோம். நண்பருக்குச் சொல்லவேண்டும் என்று தொடங்கினால் பார்க்கத் தொடங்குவீர்கள். தானே கழிமுகத்தில் நவம்பருக்குப்பின் பூநாரைகள் வந்துவிட்டனவா? பெங்களூரு ஏரியில் என்ன நீந்துகிறது? டில்லியில் பனிமூட்டம் எத்தனை மணிக்கு விலகிற்று? கொல்கத்தாவில் இன்று என்ன மீன் மலிவு?

நெடுங்கடிதம் வேண்டாம். வானம் ஒரு வரி, கண்ட உயிர் ஒரு வரி, அடுப்பில் இருப்பது ஒரு வரி; மூன்று வரி போதும். வெகுநாளாய் மௌனமாயிருக்கும் அந்த ஒருவருக்கு இன்றைக்கே எழுதுங்கள். நலமா என்று கேட்டால் நலம் என்றுதான் பதில் வரும். அங்கே மழையா என்று கேட்டுப்பாருங்கள்.