முற்றுப்பெறாத ஏடுகள்

எழுத உட்காரும் எவருக்கும் ஒரு பகைவன் உண்டு. "இன்னும் சற்றுத் திருத்து, பிறகு வெளியிடலாம்" என்று காதோரம் ஓதும் அவனை நாம் நண்பன் என்றே நம்பிவிடுகிறோம்.

அரபு இலக்கணத்தின் மூலநூலைப் பாருங்கள். 8ஆம் நூற்றாண்டில் பஸராவில் பயின்ற சீபவைஹி இயற்றியது அது. அதற்கு முன்னுரை இல்லை, முடிவுரை இல்லை, ஆசிரியர் இட்ட பெயரும் இல்லை. அவர் இளமையிலேயே மறைந்துவிட, அறிஞர் அக்பஷ் அதனைப் பிறருக்குப் பாடஞ்சொல்லிப் பரப்பினார். பெயரற்ற அந்நூலை உலகம் ‘அல்கிதாப்’, அதாவது ‘நூல்’ என்றே போற்றியது.

நம் தமிழிலும் சான்றுண்டு. உமறுப்புலவரின் சீறாப்புராணம் 5027 பாடல்களாக விரிந்தும், நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வரலாற்றை இறுதிவரை சொல்லி முடிக்கவில்லை. எஞ்சியதைப் பனீ அகமது மரைக்காயர் ‘சின்னச் சீறா’வாகப் பாடினார். முன்னவர் ஏட்டைப் பெட்டியில் பூட்டி வைத்திருந்தால், பின்னவர் எதைத் தொடர்ந்திருப்பார்?

நம்முடன் ஓதிய நண்பரொருவர் நெடிய கஸீதா ஒன்றைத் தமிழாக்கத் தொடங்கி, 20 ஆண்டுகள் திருத்திக்கொண்டே இருந்தார். அவர் மறைந்தபின் பெட்டியைத் திறந்தோம். முதற்பத்துப் பைத்துகளுக்கு 14 பிரதிகள் இருந்தன. அடுத்த பைத்து எழுதப்படவே இல்லை. அப்பிரதிகளுள் முதலாவதே சிறந்திருந்தது என்பதுதான் நெஞ்சை அறுக்கிறது.

திருத்துவது கடமையே, ஆயின் திருத்தத்திற்கும் ஓர் எல்லையுண்டு. குறையின்மை அல்லாஹ் ஒருவனுக்கே உரியது. கைக்கு எட்டியதைச் செய்து அவையில் வைப்போம். பிழையைக் கற்றோர் களையட்டும்; எஞ்சியதைப் பின்வருவோர் பாடட்டும்.