புயற்கரையில் வாழ்வோர் கடமை

கடலை அண்டி வாழும் மக்களுக்குக் கடல் தாயுமாகும். சில வேளைகளில் கூற்றமுமாகும். மீனும் உப்பும் தந்து, மரக்கலமேறிப் பொருள் தேட வழியும் தந்த அதே கடல், ஊரை விழுங்கிய செய்தியும் நம் மொழியில் பதிவாகியிருக்கிறது. 'கடல்கோள்' என்று அதற்கெனவே ஒரு சொல் நம்மிடம் உண்டு. இந்திர விழாவை மறந்ததனால் புகார் நகரைக் கடல் கொண்டது என்று மணிமேகலை கூறும். வகுப்பறையில் அப்பகுதியை நடத்தும்போது, பழங்கதை கேட்கும் முகத்தோடு மாணவர் அமர்ந்திருந்த காலம் ஒன்று இருந்தது. 2004ஆம் ஆண்டுக்குப் பின் அந்த முகங்களை நாம் காணவில்லை.

கோடியக்கரையிலிருந்து முத்துப்பேட்டை வழியாக அதிராம்பட்டினம் வரை நீளும் கரை நம் கரை. இதன் அண்மைக் கால வரலாற்றைப் புயல்களைக் கொண்டே எழுதிவிடலாம். 1952 நவம்பர் இறுதியில் நாகப்பட்டினத்தைப் புயல் தாக்கியது. 1955 டிசம்பர் தொடக்கத்தில் இராசாமடத்தருகே கரையேறிய புயல் தஞ்சைக் கடலோரத்தை அலைக்கழித்தது. 1964 டிசம்பர் 22ஆம் நாள் இரவு, பாக் நீரிணையின் மறுகோடியில் தனுஷ்கோடி அழிந்தது. பயணிகளோடு சென்ற தொடர்வண்டியும் அலைக்குள் மறைந்தது. 1977 நவம்பரில் மீண்டும் நாகப்பட்டினம். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமைக் காலையில் ஆழிப்பேரலை. 2008இல் 'நிஷா' புயல் காற்றைவிட மழையால் நம்மை வருத்தியது. ஒரத்தநாட்டில் ஒரே நாளில் 60 சென்டிமீட்டருக்கும் மேல் பெய்தது. 2018 நவம்பர் 16 அதிகாலையில் 'கஜா'. இத்தனை தேதிகளை அடுக்கிய பின்னும், புயலை 'எதிர்பாராத விபத்து' என்று நாம் சொல்லலாமா? ஐப்பசி, கார்த்திகை, மார்கழி என்று மாதம் குறித்துக்கொண்டு வரும் விருந்தாளி அது. வரும் நாள்தான் நமக்குத் தெரியாது.

கஜா வந்த இரவை நம் ஊரார் மறக்கமாட்டார்கள். நம் ஊர் வீடுகளின் அமைப்பை அறிந்தவர்க்கே அவ்விரவின் துயரம் முழுமையாக விளங்கும். பல வீடுகளில் ஆண்மக்கள் வளைகுடா நாடுகளிலோ மலேசியாவிலோ சிங்கப்பூரிலோ பிழைப்பு நடத்துகின்றனர். வீட்டிலிருப்போர் முதியோர், பெண்கள், குழந்தைகள். வீட்டை விட்டு வெளியேறுவதா வேண்டாமா என்ற முடிவை எடுக்க வேண்டியவர் ஆயிரக்கணக்கான கல் தொலைவில் தொலைபேசியைக் கையில் பிடித்துக்கொண்டு தவித்திருப்பார். காற்று வலுத்த நேரத்தில் அந்தத் தொலைபேசியும் ஊமையாயிற்று.

அன்று மாலை மாணவர் சிலர் தெருத்தெருவாகச் சென்று, தாழ்வான பகுதியில் இருந்தோரைப் பள்ளிக்கூடக் கட்டடத்திற்கு அழைத்தனர். நாமும் உடன் சென்றோம். ஒரு மூதாட்டி திண்ணையை விட்டு அசையவில்லை. "தம்பி, இது அம்பத்தஞ்சு புயலையே பார்த்த வீடு. இதுக்கு ஒண்ணும் ஆகாது" என்றார். மாணவர் ஒருவர் பணிவோடு சொன்னார்: "செவுரு பார்த்திருக்கும் உம்மா. மேலே கிடக்கிற தகரம் போன வருஷம் போட்டதுதானே?" மூதாட்டி அண்ணாந்து பார்த்தார். சற்று நேரம் பேசாதிருந்து, பிறகு துப்பட்டியை எடுத்துவரச் சொன்னார். விடிந்தபோது அந்தத் தகரம் அடுத்த தெருவில் கிடந்தது. புயலில் காற்று கொல்வதைவிடக் காற்றில் பறக்கும் பொருள்கள் கொல்வது மிகுதி என்பதை அந்தத் தகரம் நமக்குச் சொல்லிற்று.

அம்மூதாட்டி தயங்கியதற்கு வீட்டின்மீது கொண்ட நம்பிக்கை மட்டும் காரணமன்று. அந்நியர் நடுவே எங்கே படுப்பது, கழிப்பிடம் எங்கே, மறைப்பு உண்டா என்ற கேள்விகள் அவர் உள்ளத்தில் இருந்தன. வாய்விட்டுக் கேட்க நாணினார். ஆகவே புகலிடத்தில் பெண்களுக்குத் தனிக்கூடமும், தாழ்ப்பாள் உள்ள கழிப்பிடமும், பொறுப்பேற்கப் பெண்களும் இருக்கிறார்கள் என்பதை முன்கூட்டியே வீடு வீடாகச் சொல்லிவைக்க வேண்டும். இதைச் செய்யாமல், "அழைத்தும் வரவில்லை" என்று பெண்களைக் குறை கூறுவது முறையன்று.

புயலின் இயல்பைப் பற்றிச் சில செய்திகளை ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் வேண்டும். புயல் கடக்கும்போது அதன் மையம் ஓர் ஊரின்மீது வந்தால், பேயாட்டம் ஆடிய காற்று திடீரென ஓய்ந்துவிடும். வானம்கூடச் சற்றே வெளுக்கும். அதுவே புயலின் கண். "முடிந்தது" என்று எண்ணி மாட்டை அவிழ்க்கவும் கூரையைப் பார்க்கவும் வெளியே வருவோர் பலர். சிறிது நேரத்திற்கெல்லாம் காற்று எதிர்த்திசையிலிருந்து முன்னிலும் வேகமாக அடிக்கும். கிழக்கிலிருந்து வரும் புயலில் முதலில் வடக்கிலிருந்து வீசிய காற்று, பிறகு தெற்கிலிருந்து வீசும். தெற்கே கடல் பார்த்திருக்கும் நம் கரைக்கு அந்தப் பிற்பாதிதான் பெரும் இடர். கடலை ஊருக்குள் தள்ளுவது அதுவே. பாக் நீரிணை ஆழம் குறைந்ததாதலின் நீர் எளிதில் மேலெழும்.

துறைமுகத்தில் ஏற்றும் எச்சரிக்கைக் கூண்டின் எண்ணும் அவ்வாறே அறியத்தக்கது. ஒன்றும் இரண்டும் தொலைவில் உள்ள புயலைக் குறிக்கும். மூன்றும் நான்கும் உள்ளூர் எச்சரிக்கை. ஐந்து முதல் ஏழு வரை அபாயம். எட்டு முதல் பத்து வரை பேரபாயம். பதினொன்று ஏறினால், வானிலை நிலையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது என்று பொருள். வானொலியில் இந்த எண்களைக் கேட்டுவிட்டுப் பொருள் தெரியாமல் விழிப்போர் நம் ஊரில் இன்றும் உளர்.

இவ்விடத்தில் தமிழ்த்துறைக்கு ஒரு பணி உண்டென்று நாம் கருதுகிறோம். 'காற்றழுத்தத் தாழ்வு மண்டலம்', 'ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம்' என்னும் தொடர்கள் அறிஞர்க்கு விளங்கும். ஆனால் வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்று காற்றைத் திசைக்கொரு பெயரால் அழைத்துப் பழகிய கடலோடிக்கு அவரது மொழியில் சொன்னால்தான் நெஞ்சில் தைக்கும். அறிவிப்பைப் படித்து, அதனை அத்தெருவின் தமிழில் ஒலிபெருக்கியில் சொல்லத்தக்க மாணவர் தெருவுக்கு இருவர் இருந்தால், தமிழ் கற்றதன் பயன் அவ்வூர் காணும்.

2004இன் பாடம் வேறொன்று. அன்று காலை ஏறத்தாழ ஆறரை மணிக்குச் சுமத்திரா அருகே கடலடி நிலம் நடுங்கிற்று. அலை நம் கரையை அடைய இரண்டு மணி நேரத்திற்கும் மேலாயிற்று. அந்த இரண்டு மணி நேரத்தில் எவரும் நமக்கு ஒரு சொல் சொல்லவில்லை. சொல்வதற்கான அமைப்பு அன்று இந்தியப் பெருங்கடலில் இல்லை. 2007இல் ஐதராபாத்தில் ஆழிப்பேரலை எச்சரிக்கை மையம் நிறுவப்பட்டது. ஐதராபாத்தில் தெரிந்த செய்தி நம் கடைசித் தெருவின் கடைசி வீட்டை எட்டும் வழியை நாம்தான் அமைக்க வேண்டும். கடல் திடீரென உள்வாங்கினால் சிப்பி பொறுக்கப் போகாமல் மேட்டை நோக்கி ஓடவேண்டும் என்பதைச் சிறுவர்க்கு ஆண்டுதோறும் சொல்லித்தரும் கடமையும் நம்முடையதே.

எச்சரிக்கை காலத்தே வந்தால் உயிர் தப்பும் என்பதற்குக் கஜாவே சான்று. அப்புயலுக்கு முன் 80 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் பாதுகாப்பான இடங்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். ஆயினும் உயிர் தப்பியோர்க்கு மறுநாளே வேறொரு சோதனை தொடங்கிற்று. மின்கம்பங்கள் இலட்சத்துக்கும் மேல் சாய்ந்தன. மின்சாரம் இல்லையேல் மோட்டார் இல்லை. மோட்டார் இல்லையேல் குடிநீர் இல்லை. நாலாபுறமும் மழைநீர் நிற்க, குடிக்க ஒரு குடம் தண்ணீருக்கு மக்கள் அலைந்தனர். கைவிடப்பட்டுக் குப்பை கொட்டப்பட்டிருந்த கிணறுகளின் அருமை அன்று தெரிந்தது. பள்ளிவாசல் ஹவுளில் இருந்த நீர் எத்தனையோ வீடுகளின் புழக்கத்திற்கு உதவிற்று.

எனவே, புரட்டாசி முடிவதற்குள் ஒவ்வொரு வீட்டிலும் சில ஏற்பாடுகள் முடிந்திருக்க வேண்டும். குடும்ப அட்டை, பட்டா, கடவுச்சீட்டு, வங்கிப் புத்தகம் ஆகியவை ஒரே உறையில், நீர் புகாத பையில் இருக்கட்டும். சர்க்கரை நோய்க்கும் இரத்த அழுத்தத்திற்கும் மருந்துண்போர் இரண்டு வாரத்திற்கான மாத்திரையைக் கையிருப்பில் வைக்கட்டும். அவலும் பேரீச்சையும் தீப்பெட்டியும் மின்கல விளக்கும் சிறு வானொலியும் ஒரு பெட்டிக்குள் இருக்கட்டும். புயல் அறிவித்தவுடன் வீட்டிலுள்ள பாத்திரமெல்லாம் நீரால் நிரம்பட்டும். தென்னை வைத்திருப்போர் முற்றிய காய்களையும் அடிமட்டைகளையும் முன்னரே இறக்கிவிட்டால் மரத்தின் தலைப்பாரம் குறையும். மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் எண் 1077 என்பதைச் சுவரில் எழுதிவைப்பதும் நன்று.

மஹல்லாவுக்குச் செய்யவேண்டியது இன்னும் ஒன்றுண்டு. எந்த வீட்டில் நடக்கவியலாத முதியவர், எந்த வீட்டில் கருவுற்ற பெண், எந்த வீட்டில் ஆண்துணை இல்லை, யாரிடம் வாகனம், யாரிடம் மாடிவீடு என்ற பட்டியல் ஜமாஅத் அலுவலகத்தில் இருத்தல் வேண்டும். அப்பட்டியலில் மதமோ சாதியோ நுழைதல் ஆகாது. 2004இல் பரங்கிப்பேட்டை ஜமாஅத்தார் அலையால் வீடிழந்த மீனவ மக்களுக்கு உணவும் உறைவிடமும் தந்தனர் என்ற செய்தி, தமிழகக் கடற்கரை முழுமைக்கும் பெருமை சேர்த்ததாகும்.

"எல்லாம் இறைவன் விட்ட வழி" என்று சொல்லிப் படுத்துவிடுவோர் எல்லாச் சமயங்களிலும் உளர். இறைவனிடம் பொறுப்பை ஒப்படைத்தல் என்னும் 'தவக்குல்' உயர்ந்த பண்பு. முயற்சி அனைத்தையும் செய்து முடித்தவனுக்கே அது அழகு தரும். கதவைத் தாழிடாமல் திருடனை விதி என்பது தவக்குல் ஆகாது. வள்ளுவரும் வருவதை முன்னறிந்து காக்கும் திறத்தை அறிவுடைமை என்னும் அதிகாரத்தில் வைத்தார்.

நம் கரையில் நிற்கும் காட்டுக்கு 'அலையாத்தி' என்று முன்னோர் பெயரிட்டனர். அலையை ஆற்றுவது என்பது அதன் பொருள். அது அலையைத் தடுத்து நிறுத்துவதில்லை, வேகத்தைத் தணிக்கிறது. கஜாவில் முத்துப்பேட்டைக் காடும் பேரழிவுக்கு உள்ளாயிற்று. ஒடிந்த மரங்களின் இடையே மீண்டும் தளிர்த்தவற்றைப் பின்னாளில் படகிலிருந்து கண்டோம். புயலை நிறுத்தும் ஆற்றல் நமக்கில்லை. அதன் கொடுமையைத் தணிக்கும் ஆற்றல் நமக்கு உண்டு. மாணவச் செல்வங்களே, அடுத்த ஐப்பசிக்குமுன் உங்கள் தெருவின் பட்டியலை எழுதத் தொடங்குங்கள். முதல் பெயராக, உங்கள் அண்டை வீட்டில் தனித்திருக்கும் முதியவரின் பெயரை எழுதுங்கள்.